வாசலைத் தாண்டாத பற்கள்

அத்தியாயம் 5

முதலாளியின் மேசைமேல் நாலு பல்செட்டுகள் சிரித்துக்கொண்டிருந்தன. முதலாளி சிரிக்கவில்லை.

"திருட்டு," என்றார். "என் லேப்லயே திருட்டு. அதுவும் பட்டப்பகல்ல, கம்ப்யூட்டர் வழியா."

ஆந்தை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். கண் கொட்டாமல் பார்ப்பதால் வந்த பெயர். துப்பறியும் தொழிலில் அது உதவியாக இருந்தது. அதைத் தவிர அவனுடைய பார்வையைப் பாராட்டியவர்கள் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் மட்டும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவனுடைய அண்ணி. அண்ணன் மனைவி. ஒரு சோப்புக் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கும் வேலையில் பல காலம் இருந்துவிட்டு, இனி ஒரு 'ஹலோ'கூடத் தாங்காது என்று விட்டுவிட்டு வந்தவள். குரலைக் கேட்டே பொய்யைக் கண்டுபிடிப்பாள். அவளை உதவியாளர் என்று சொல்லி ஆந்தை விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்திருந்தான். அதில் அவள் வண்ணானுக்குப் போட்ட துணிகளை எழுதி வைத்திருந்தாள்.

"என்ன காணோம்?" என்று கேட்டான் ஆந்தை.

"பல்லு."

அண்ணி மேசையைப் பார்த்தாள். "இங்கயே ஒரு குடும்பத்துக்குக் காணுமே சார்."

"பல்லோட படம்மா." முதலாளி ஒரு பல்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குக் கையில் ஏதாவது வேண்டும்போல. "டாக்டர் நோயாளியோட வாயில அளவு எடுத்து இங்க அனுப்புவாரு. நாங்க கம்ப்யூட்டர்ல பல்லை வரைஞ்சு, படத்தை மெயில்ல அனுப்புவோம். டாக்டர் பார்த்து சரின்னு சொன்னாதான் பல்லைச் செய்வோம். இதுதான் தொழில். போன வாரம் பழைய மெயில் சர்வரை மாத்திப் புதுசு போட்டோம். அன்னிலேருந்து கடிதம் போகுது, படம் போகல. படம் இருக்க வேண்டிய இடத்துல யாராலயும் திறக்க முடியாத ஒரு ஃபைல் வந்து நிக்குதாம். வின்மெயில் டாட்னு பேராம். ஒரு டாக்டர் கேக்கறாரு, இது எந்த நோயாளின்னு."

"சர்வர் போட்டவர் என்ன சொல்றார்?"

"அவன் பக்கம் விளக்கெல்லாம் பச்சையா எரியுதாம். பச்சை எரிஞ்சா அவன் பொறுப்பு முடிஞ்சுதாம்."

"யார் அனுப்பினாலும் இப்படியா?"

"அங்கதான் இருக்கு விஷயம்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நான் அனுப்பினா போகுது. கணக்கர் பில் அனுப்பினா போகுது. அவ அனுப்பினா மட்டும் போகல." பல்செட்டாலேயே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சுட்டினார். அங்கே ஒரு இளம்பெண் முதுகைக் காட்டியபடி திரையில் ஒரு கடைவாய்ப்பல்லைச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"டிசைனரா?" என்றாள் அண்ணி. "ஆனா நீங்க 'அவ'ன்னு சொன்ன விதத்துல ஏதோ சொந்தம் அடிக்குதே."

முதலாளி பல்செட்டை மேசைமேல் வைத்தார்.

"என் மாப்பிள்ளையோட தங்கச்சி," என்றார்.

கதை சின்னது. மாப்பிள்ளை இதே லேபில் தலைமை டெக்னீஷியனாக இருந்தவன். முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டான். அது சரி. பிறகு இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக ஒரு லேப் வைத்தான். அது சரியில்லை. அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் பேசுவதில்லை. மகளும் வருவதில்லை. தங்கை மட்டும் இங்கேயே வேலையில் இருந்துவிட்டாள்.

"அவ ஏன் இருந்தாள்னு இவ்வளவு நாளா எனக்குப் புரியல. இப்பப் புரியுது. நேத்து எதிர்த்த க்ளினிக் டாக்டரம்மா போன்ல சொல்றாங்க, 'உங்க மாப்பிள்ளை அனுப்பின படம் தெளிவா இருந்தது'ன்னு. என் லேப்ல வரைஞ்ச படம். மூலையில என் முத்திரை. அவன் கைக்கு எப்படிப் போச்சு?"

"உங்களுக்கே அனுப்பச் சொல்லிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஜம்முனு வருது. ஆபீஸுக்குள்ள யாருக்கு அனுப்பினாலும் வருது. வாசலைத் தாண்டினா காணோம். வெளியில அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒழுங்காப் போகுது. ஏன்? பெரிய இடம், அங்க கை வெச்சா மாட்டிப்போம்னு பயம். சின்ன க்ளினிக்கா பார்த்து அடிக்கிறா."

"இவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கீங்க," என்றாள் அண்ணி. "நாங்க எதுக்கு சார்?"

"யாருன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன். எப்படின்னு நீங்க கண்டுபிடிக்கணும். ஆறு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன் போறேன். புகார் தயார்."

*

கண்ணாடித் தடுப்பு சத்தத்தைத் தடுக்கவில்லை. டிசைனர் திரும்பாமலே பேசினாள்.

"திருடின்னாரா, உளவாளின்னாரா?"

"ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறார்," என்றாள் அண்ணி. "ஆறு மணிக்கு ஸ்டேஷனாம். தெரியுமா?"

"தெரியும். புகாரை டைப் அடிச்சதே நான்தான்."

ஆந்தைகூட ஒரு கணம் தடுமாறினான். "உங்க மேல உள்ள புகாரையா?"

"இந்த ஆபீஸ்ல வேற யாருக்கும் சரியா டைப் அடிக்க வராது சார். அவர் கையால எழுதிக் குடுத்ததுல ரெண்டு பிழை இருந்தது. திருத்தினேன். என் வீட்டு முகவரியும் தப்பா இருந்தது. அதையும் திருத்தினேன்."

அண்ணி மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் எத்தனையோ பேரோட குரலைக் கேட்டிருக்கேன் கண்ணு. உன்னை மாதிரி ஒரு திருடி குரலைக் கேட்டதில்ல."

"வேலை போனா போகட்டும்," என்றாள் டிசைனர். இப்போது திரும்பியிருந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் ஒழுங்காக இருந்தது. "திருடின்னு பேர் வந்தா எந்த லேப்ல என்னைச் சேர்ப்பாங்க? எங்க அண்ணன் லேப்ல சேர்ந்தா, பார்த்தியா நான் சொன்னேன்ல, உளவாளிதான்னு ஆயிடும். அவர் பொண்ணுதான் எங்க அண்ணி. அவங்களால அப்புறம் அப்பா முகத்துல முழிக்கவே முடியாது. இப்ப கோபத்துல வராம இருக்காங்க. கோபம் தணிஞ்சா வரலாம். போலீஸ் நடுவுல வந்துட்டா?"

ஆந்தை திரைப் பக்கம் குனிந்தான். "கடைசியா அனுப்பின மெயிலைக் காட்டுங்க," என்றான்.

காட்டினாள். சுத்தமான கடிதம். 'நோயாளியின் பெயர்' என்று ஒரு வரி. 'மேல் வரிசை' என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே, கடிதத்துக்குள்ளேயே, ஒரு படத்தின் சின்னம். 'கீழ் வரிசை' என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே இன்னொன்று. ஒவ்வொரு படமும் அதற்கு ஒதுக்கிய இடத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆந்தை அடுத்த மேசைக்குப் போனான். கணக்கர் அனுப்பிய ஒரு பில் திரையில் இருந்தது. கடிதம் கீழே, பில்லும் ரசீதும் கடிதத்துக்கு மேலே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தான். "உங்க மெயில்ல மட்டும் படம் கடிதத்துக்குள்ள இருக்கு. ஏன்?"

"இங்க வழக்கம் சார்."

"அழகா இருக்கு," என்றாள் அண்ணி. "எங்க வீட்டு அலமாரியை இந்தப் பொண்ணுகிட்ட குடுக்கலாம்."

*

எதிர்த்த க்ளினிக்கில் டாக்டரம்மா ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தார். நோயாளி பருமனான மனிதர். வாய் நிறையப் பஞ்சு.

"ரெண்டு நிமிஷம்தான். இவருக்கு மரத்துப் போகணும்," என்று கையுறையைக் கழற்றி, தன் போனை எடுத்து நீட்டினார். "இதான் அந்த மெயில். படம் எங்கன்னு நீங்களே தேடுங்க."

ஆந்தை தேடினான். அதே கடிதம். ஆனால் இங்கே அலங்காரம் இல்லை, மொட்டை எழுத்து. 'மேல் வரிசை' என்ற வரிக்குக் கீழே படத்தின் சின்னம் இல்லை. அந்த இடத்தில் இரட்டைக் கொக்கிகளுக்கு நடுவே படத்தின் பெயர் மட்டும் இருந்தது. 'கீழ் வரிசை'க்கும் அப்படியே. ஆள் வராத நாற்காலியில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருப்பதுபோல. கடிதத்தின் அடியில் அந்த அனாமதேய ஃபைல்.

"டாக்டர், இதோட எடை என்ன?"

"யாரோட எடை?" டாக்டர் நோயாளியைப் பார்த்தார். நோயாளி திகிலோடு தன் வயிற்றைப் பார்த்தார்.

"மெயிலோட எடை. எத்தனை எம்பி?"

டாக்டர் கணினியில் பார்த்துச் சொன்னார். நல்ல கனம். அதே லேபிலிருந்து வந்த வெறும் கடிதம் ஒன்றையும் பார்க்கச் சொன்னான் ஆந்தை. அது தூசி.

"அண்ணி, திருடன் பெட்டியைத் திறந்து நகையை எடுத்தா, பெட்டியோட கனம் என்ன ஆகும்?"

"குறையும்."

"இது குறையல."

அண்ணி யோசித்தாள். "நகையை எடுத்துட்டு அதே எடைக்குக் கல்லு வெச்சிட்டுப் போயிருப்பானோ?"

"அவ்வளவு பொறுப்பான திருடன் நம்ம தொழில்லயே இல்ல."

"ஆ ஆ ஊ," என்றார் நோயாளி.

"இவரும் அதையேதான் சொல்றார்," என்றாள் அண்ணி. "உள்ளயே இருக்குங்கறார்."

ஆந்தை தலையசைத்தான். நோயாளி சொன்னது சரி. யாரும் எதையும் எடுக்கவில்லை. படங்கள் அந்த ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தன. பூட்டிய பெட்டி ஒன்று வாசலுக்கு வந்திருக்கிறது, சாவி வரவில்லை.

"சரி டாக்டர், நீங்க எப்படிப் படத்தைப் பார்த்தீங்க?"

"அது எனக்குத் தெரியாது. மெயில் எல்லாம் வெளியில உட்கார்ந்திருக்கிற பொண்ணுதான் பார்க்குது. காலையில படம் வரலன்னு கத்தினேன். சாயந்திரம் மாப்பிள்ளை லேப்லேருந்து வந்துட்டுதுன்னு காட்டிச்சு. நான் பல்லைத்தான் பார்ப்பேன், தபால்காரனைப் பார்க்க மாட்டேன்."

வரவேற்புப் பெண் அவர்களைப் பார்த்ததும் மேசையில் இல்லாத ஏதோ ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க. படம் அதுவா வந்துச்சு."

அண்ணி காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். அது அவள் வேலையில் இறங்கிவிட்ட அடையாளம்.

"இந்தக் குரல் எனக்குப் பழக்கம் தம்பி. வெள்ளை வேட்டியையும் சிவப்புப் பாவாடையையும் ஒண்ணா ஊற வெச்சிட்டு, உங்க சோப்புலதான் சாயம் வந்துச்சுன்னு சொல்ற குரல்." மேசைமேல் குனிந்தாள். "என்னம்மா ஊற வெச்சே?"

பெண் அழுதுவிடுவாள்போல இருந்தது. "மாப்பிள்ளை லேப்லயே கேளுங்கக்கா. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நோயாளிங்க படத்தை வெளியில யாருக்கும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

*

மாப்பிள்ளையின் லேப், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே பல்லை ராவும் சத்தம். மாப்பிள்ளை முழங்கைவரை வெள்ளை மாவாக வந்தான்.

"மாமாவா அனுப்பினார்?"

"ஆமா."

"நல்லா இருக்காரா?"

"உங்களைத் திருடன்னு சொல்றார்," என்றாள் அண்ணி. "மத்தபடி ஆரோக்கியமா இருக்கார்."

மாப்பிள்ளை சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "யார் திருடினது? எதை?"

"உங்க மாமா லேப் படங்கள் உங்ககிட்ட எப்படி வந்தது?"

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் அனுப்பிய மெயில்களைத் திறந்தான். வரிசையாக க்ளினிக்குகளின் பெயர்கள். ஊரில் பாதிப் பல் டாக்டர்கள் அதில் இருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி. க்ளினிக்கில் இருக்கும் யாரோ ஒருவர் அந்தத் திறக்காத ஃபைலை இவனுக்கு அனுப்பி, 'அண்ணா, இதைத் திறக்கத் தெரியுமா, டாக்டர் திட்டுகிறார்' என்று கேட்டிருக்கிறார். இவன் திறந்து, படங்களை எடுத்து, திருப்பி அனுப்பியிருக்கிறான்.

"இந்த ஃபைலைப் பிரிக்கிறதுக்குன்னே சின்னதா ஒரு புரோகிராம் இருக்கு சார். இலவசம். போட்டா படம் வெளியில வந்துடும். எதிர்த்த க்ளினிக் பொண்ணு முதல்ல கேட்டுச்சு. அது அடுத்த க்ளினிக் பொண்ணுக்குச் சொல்லிடுச்சு போல. வந்துகிட்டே இருக்கு. என் வேலையே கெட்டுப் போச்சு."

ஆந்தை ஒரு பதிலைப் படித்தான்.

'படம் இணைத்துள்ளேன். இது எங்கள் மாமா லேபில் வரைந்தது. அங்கே சர்வர் மாற்றியிருப்பதால் சில நாள் இப்படி வரும். தயவுசெய்து ஆர்டரை அங்கேயே கொடுங்கள்.'

அடுத்ததிலும் அதே வரிகள். அதற்கடுத்ததிலும்.

"உங்க மாமாவுக்கு ஏன் சொல்லல?" என்றான் ஆந்தை.

"என் போனை அவர் எடுக்க மாட்டார்."

"தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

"அவகிட்ட நான் தொழில் பேசறதே இல்ல சார். அவளும் வாயைத் திறக்க மாட்டா. பேசினா மாமா உளவுன்னு சொல்லிடுவார்னு, அவர் லேப் பேரையே வீட்ல எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கேன்."

அண்ணி கை இரண்டையும் விரித்தாள். "பேசக் கூடாதுன்னு நீங்க சட்டம் போட்டீங்க. போனை எடுக்கக் கூடாதுன்னு அவர் சட்டம் போட்டார். இதுல அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போகப் பார்க்குது. ரொம்ப ஒழுக்கமான குடும்பம்."

மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஜெயிலா? நான் வரேன்."

"வராதீங்க," என்றான் ஆந்தை. "நீங்க வந்தா அவருக்குக் கோபப்பட வசதியாப் போயிடும். அந்த மெயில்களை மட்டும் என் போனுக்கு அனுப்புங்க."

படியிறங்கும்போது அண்ணி கேட்டாள். "திருட்டு இல்லன்னு ஆச்சு. ஆனா ஒண்ணு இடிக்குது தம்பி. அந்தப் பொண்ணு இப்படித்தானே எப்பவும் அனுப்புது? போன வாரம்வரைக்கும் போச்சே."

"அதான் அண்ணி மிச்சம் இருக்கு. பெட்டி எப்பவும் இருந்திருக்கு. இத்தனை நாள் வாசல்ல யாரோ திறந்து விட்டிருக்காங்க."

*

முதலாளி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் புகார், உறைக்குள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சிடும். உங்க டிசைனரைக் கூப்பிடுங்க. ஒரு சோதனை."

டிசைனரின் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஒரே முன்பல் படத்தை இரண்டு மெயிலாக எதிர்த்த க்ளினிக்குக்கு அனுப்பச் சொன்னான் ஆந்தை. முதலாவது அவள் வழக்கப்படி. இரண்டாவதை அனுப்புமுன் மெயிலின் மேல்பட்டையில் எழுத்து வடிவம் என்ற இடத்தைத் திறக்கச் சொன்னான். அங்கே மூன்று தேர்வுகள் இருந்தன. 'ரிச் டெக்ஸ்ட்' என்பதில் குறி இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கணக்கரின் மெயிலில் இருக்கும் சாதாரண வடிவத்தை வைக்கச் சொன்னான். வைத்ததும், கடிதத்துக்குள் இருந்த முன்பல் துள்ளி மேலே போய்த் தொங்கியது.

"ஐயோ, இடம் மாறுது," என்றாள் டிசைனர். அவளுக்கு அது வலித்தது.

"மாறட்டும். அனுப்புங்க."

போன் அடித்தது. ஆந்தை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். டாக்டரம்மா.

"ரெண்டு மெயில் வந்திருக்கு. முதல்ல வந்ததுல அதே சனியன். ரெண்டாவதுல பல்லு பளபளன்னு இருக்கு. யாரோட பல்லு இது?"

"சும்மா டாக்டர். நன்றி." வைத்தான். முதலாளி பக்கம் திரும்பினான்.

"ரிச் டெக்ஸ்ட்ல எழுதினா படத்தைக் கடிதத்துக்குள்ள நினைச்ச இடத்துல உட்கார வைக்கலாம். ஆனா அப்படி உட்கார வைக்க இந்த மெயில் புரோகிராம் எல்லாத்தையும் தனக்கு மட்டும் புரியற ஒரு பெட்டியில போட்டுக் கட்டுது. அந்தப் பெட்டிதான் வின்மெயில் டாட். இதே புரோகிராம் வெச்சிருக்கிறவங்களுக்குப் பெட்டி தானாத் திறக்கும். உங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. சின்ன க்ளினிக்ல இல்ல."

"இத்தனை நாள் போச்சே?"

"உங்க பழைய சர்வர் வாசல்ல நின்னு ஒவ்வொரு பெட்டியையும் பிரிச்சு, சாதாரண மெயிலா மாத்தி அனுப்பியிருக்கு. அப்படிச் செய்னு எப்பவோ யாரோ அதுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. புதுசுக்கு யாரும் சொல்லல. அது பெட்டியை அப்படியே வெளியில தள்ளுது."

முதலாளி மூச்சை இழுத்தார். ஒரு கணம் சோர்ந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப இவதானே! இவ எதுக்கு அந்த ரிச்சுல அனுப்பினா? வேற யாரும் அனுப்பலையே? வேணும்னே பண்ணியிருக்கா!"

"வழக்கம்னு சொன்னாங்க," என்றான் ஆந்தை. "யார் வெச்ச வழக்கம்?"

கணக்கர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். அண்ணி டிசைனரைப் பார்த்தாள். டிசைனர் கீபோர்டைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. ஸ்டேஷன் போற நேரத்துல என்ன மரியாதை?"

டிசைனர் நிமிர்ந்தாள். ஆபீஸில் அவள் எப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்கதான் மாமா," என்றாள்.

"நானா?"

"ஜட்ஜ் பல்லு."

முதலாளியின் முகத்தில் நிறம் போய் வந்தது. கணக்கருக்கு இருமல் வந்துவிட்டது.

ஒரு ஜட்ஜுக்கும் ஒரு மேடை நகைச்சுவைக்காரருக்கும் ஒரே நாளில் பல்செட். இரண்டு படங்களும் ஒரே மெயிலில் மேலே வரிசையாகத் தொங்கின. டாக்டர் மாற்றிப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். நகைச்சுவைக்காரர் தொழிலுக்காகக் கேட்டு வாங்கிய முன்பல் இடைவெளி ஜட்ஜுக்குப் போயிற்று. அவர் ஒரு தண்டனையை வாசிக்கும்போது விசில் வந்தது. குற்றவாளியே சிரித்துவிட்டானாம்.

"அன்னிக்கு நீங்க இங்க வந்து நின்னு கத்தினீங்க," என்றாள் டிசைனர். "இனிமே ஒவ்வொரு படமும் அதுக்குரிய வரிக்குக் கீழதான் இருக்கணும், ஒரு அங்குலம் நகரக் கூடாதுன்னு. நான் முடியாதுன்னேன். நீங்க என் கையிலேருந்து மவுஸைப் பிடுங்கி, அரை மணி நேரம் எதையெதையோ அமுக்கி, இந்த ரிச் டெக்ஸ்டைக் கண்டுபிடிச்சு, 'மனசு வெச்சா முடியும்'னீங்க. அதுக்கப்புறம் நான் அதைத் தொடவே இல்ல."

"ஆக," என்றாள் அண்ணி, "வாசல்ல காவல் மாறின அன்னிக்கு உங்க உத்தரவு உங்களையே கடிச்சிருக்கு சார். அதுவும் உங்க லேப் பல்லாலயே."

முதலாளி கணக்கரின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கால் ஷூவில் கயிறு இன்னும் கட்டவில்லை.

"சரி," என்றார் ஈனமான குரலில். கடைசியாகப் பிடிக்க ஒன்று இருந்தது; பிடித்தார். "என் படம் அவன் கைக்கு எப்படிப் போச்சு?"

ஆந்தை தன் போனை அவர் கையில் வைத்தான்.

முதலாளி படித்தார். விரலால் தள்ளி அடுத்ததைப் படித்தார். எல்லாம் ஒரே மாதிரிதான் என்று தெரிந்தும் விடாமல் படித்துக்கொண்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"எங்கள் மாமா லேப்னுதானா எழுதியிருக்கான்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"எல்லாத்துலயும்," என்றான் ஆந்தை.

அதற்குள் ஆந்தை மேசைப் போனில் சர்வர்க்காரரைப் பிடித்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் கொட்டாவி கேட்டது. "அதுவா? ஒரே ஒரு செட்டிங். வெளியில போற மெயிலுக்கு அந்த ரிச் டெக்ஸ்டை நிறுத்திட்டாப் போதும். யாரும் கேக்கல, நான் சொல்லல. இந்தாங்க, போட்டாச்சு." டிசைனர் தன் வழக்கப்படியே இன்னொரு மெயில் அனுப்பினாள். டாக்டரம்மா கூப்பிட்டு, பல் வந்துவிட்டது, இனிமேல் தயவுசெய்து பல் அனுப்ப வேண்டாம் என்றார்.

முதலாளி எழுந்தார். புகார் உறையை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"கம்ப்யூட்டர்லயும் இருக்கு," என்றாள் டிசைனர்.

"அழிச்சிடும்மா."

"நான் தொட மாட்டேன். ஆதாரத்தை அழிச்சேன்னு நாளைக்கு இன்னொண்ணு டைப் அடிக்கச் சொல்வீங்க. நீங்களே அழிங்க."

முதலாளி குனிந்து ஒற்றை விரலால் அழித்தார். அழித்ததைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அதையும் அழித்தார்.

"நாளைக்கு வருவே இல்ல?" அவர் கேட்ட தொனி முதலாளியுடையது அல்ல.

"அது உங்க கையிலதான் இருக்கு மாமா." மேசைப் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "எங்க அண்ணன் வீட்டுக்குப் போடுங்க. வீட்ல இந்த லேப் பேரை எடுக்கலாம்னு ஆனாதான் நான் வருவேன். வாயை மூடிக்கிட்டு ரெண்டு பக்கமும் சம்பந்தி வீட்டாளா இருக்க என்னால இனிமே முடியாது."

முதலாளி போனைப் பார்த்தார். "ஒரு மெயில் அனுப்பிடலாமே."

"மெயில் வேண்டாம் சார்," என்றாள் அண்ணி.

எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அதை யாரும் சுட்டிக் காட்டவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தது மகள்.

"ஹலோ? யாருங்க? ஹலோ?"

முதலாளியின் வாய் திறந்திருந்தது. டிசைனர் அவர் முதுகில் லேசாகக் குத்தினாள்.

"நான்தான்," என்றார். "ஒரு நாள் கடைவாய்ப்பல் குத்துதுன்னு சொன்னியே. எப்படி இருக்கு?"

மகளின் குரல் கரகரத்து வந்தது. "அது சொல்லி ரெண்டு வருஷமாச்சுப்பா. எடுத்தாச்சு. வேற கட்டியாச்சு."

"யார் செஞ்சா?"

"வேற யாரு? உங்க மாப்பிள்ளைதான்."

முதலாளி தலையை ஆட்டினார். போனில் அது தெரியாது என்பது கொஞ்சம் தாமதமாக நினைவுக்கு வந்தது.

"கடிச்சா சரியா உட்காருதா?"

"சில சமயம் லேசா உறுத்துதுப்பா."

"உறுத்தும். அவனுக்கு எப்பவும் கடைவாய்ல கொஞ்சம் உயரம் கூடிடும். நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்." நிறுத்தினார். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு லேப்புக்கு வா. ராவித் தரேன். அவனையும் கூட்டிட்டு வா. பக்கத்துல நின்னு பார்த்தாதான் அவனுக்குப் புரியும்."